ஏஜெண்டின் செருப்பு

பஞ்சநாதனைக் கெட்டவன் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். சங்கத்துக்காகச் சைக்கிள் மிதித்தே முழங்கால் தேய்ந்தவன். ஆனால் எழுபத்தேழு தேர்தலில் அவன் செய்த காரியத்தை நல்லது என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை.

மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் சகாதேவன் அந்தத் தடவை சட்டசபைக்கு நின்றார். பஞ்சநாதன்தான் தேர்தல் ஏஜெண்ட். அளத்தை வளைத்துப் போட்டுத் தொழிற்சாலை கட்ட ஒரு சீமைக் கம்பெனி இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தது. ஒரு சாண் நிலம்கூட அவனுக்கு விடமாட்டேன் என்பதுதான் சகாதேவன் போன இடமெல்லாம் பேசிய பேச்சு. பேச்சு என்னவோ நல்ல பேச்சுதான், பக்கத்து ஊர் அனுமந்தையைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! எதிராளியிடம் நாலு கார் இருந்தது. நம்மவரிடம் மூன்று சைக்கிள்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்சேரியிலிருந்து தேவநாதன் என்பவர் பஞ்சநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார். அதே சீமைக் கம்பெனியின் ஆள். உங்கள் தலைவர்தான் ஜெயிப்பார் என்று எங்கள் துரை நினைக்கிறார், அவர் எங்களைத் திட்டுவது திட்டட்டும், ஒரு சின்ன உதவி என்றார். ஒரு ஜீப், ஒரு மைக் செட், உப்புக் குவியலை மழைக்கு மூடக் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒரு லாரி நிறைய. அவன் பொருளை வைத்தே அவனை மண்ணைக் கவ்வ வைப்போம் என்று பஞ்சநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாவி, அதை நம்பவும் செய்தான்.

சகாதேவன் கேட்காமல் இல்லை.

"ஏம்பா, எங்கேர்ந்து வந்துச்சு இதெல்லாம்?"

"திண்டிவனத்து முதலாளி ஒருத்தருங்க. பேரு வெளிய வரவேணாம்னு சொல்லிட்டாரு."

தாளைச் சங்கத்து ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த மூன்றாம் நாள் மத்தியானம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஓலை போட்டு மூடியவர்களின் உப்பு பாதி கரைந்து போனது. சங்கத்து ஆட்களின் உப்பு ஒரு படி குறையவில்லை. வேலம்மாள் என்கிற அளத்துக்காரி, தலைவர் குலம் தழைக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற பஞ்சநாதன் தாளின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

ஜீப் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று எதிராளி ஊரெல்லாம் கிளப்பிவிட்டான். கடைசிக் கூட்டம் அளத்து மேட்டில் நடந்தது. உப்பில் சத்தியம் செய்யுங்கள் என்று கூட்டம் கேட்டது. சத்தியம் செய்கிறவர் கை நிறைய உப்பை ஏந்த வேண்டும். அவருடைய நம்பிக்கைக்கு உரியவன் அது கரைந்து ஓடும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். சத்தியம் பொய்யானால் ஏந்தியவரும் ஊற்றியவனும் வெறுங்காலோடு உப்புப் பாத்தியில் இறங்கக்கூடாது. இறங்கினால் அந்தப் பாத்தியில் உப்பு விளையாது என்பது அளத்துக்காரர்களின் நம்பிக்கை.

சகாதேவன் உப்பை அள்ளிக்கொண்டு சொம்பைப் பஞ்சநாதனிடம் நீட்டினார். வெளிநாட்டான் கையிலிருந்து ஒரு துரும்பும் வாங்கவில்லை என்று கணீரென்று சொன்னார். இப்போதே சொல்லிவிடு என்று பஞ்சநாதனின் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் தேர்தல் போச்சு, அளமும் போச்சு. ஊற்றினான். கடைசிக் கல் கரையும்வரை ஊற்றினான்.

சகாதேவன் ஜெயித்தார். ஜெயித்த மறுநாள் காலையில் நேரே அளத்துக்கு வந்து, வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாத்தியில் இறங்கி எல்லோரோடும் உப்பு வாரினார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பஞ்சநாதன் வரப்பிலேயே நின்றான். ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. தேவநாதன் கையில் பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார்.

"ஏம்பா பஞ்சநாதா, செருப்பக் கழட்டிட்டு எறங்கி வா" என்றாள் வேலம்மாள்.

பஞ்சநாதன் தன் காலையே பார்த்தான். ஒரு மாதமாக ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"எறங்க மாட்டேன்க்கா. ஜீப்பு அந்தக் கம்பெனிது. உங்க உப்ப மூடின தாளும் அவங்களுதுதான். நான்தான் வாங்கனேன். தலைவருக்கு ஒண்ணும் தெரியாது."

வாரிக்கொண்டிருந்த எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. வேலம்மாள் கறுப்புத் தாள் மூடிய தன் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சகாதேவன் பக்கத்தில் போய், அவர் கையிலிருந்த வாருபலகையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் கரையேறிடுங்க, தலைவரே."

சகாதேவன் வரப்பில் ஏறினார். பஞ்சநாதன் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"என் செருப்பு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பஞ்சநாதன்தான் குனிந்து, அதைத் தேடி எடுத்து அவர் காலடியில் வைத்தான்.