நாற்பத்து மூன்று கெல்வினில் ஒரு மேடு

"கீ... கீ... கீ..." என்று அளவைக் கருவி அலறியதில் ஆய்வாளரின் கையிலிருந்த காபி தளும்பிக் கோட்டெல்லாம் கொட்டியது. ஆய்வு மாதிரி வைக்கும் குழாயில் வெற்றிடம் போய்விட்டது. வெளிக்காற்று உள்ளே புகுகிறது.

பதினெட்டு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் கருவியைக் குளிரவைக்கத் திரவ ஹீலியம் ஊற்றுபவருக்கு 'ஐஸ் அண்ணன்' என்று பெயர். அவர் குழாயைச் சூடேற்றி, மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தை வளைத்துக் காட்டினார். முடி கனத்தில் ஒரு கீறல்.

"இன்னிக்கு வந்த கீறல் இல்ல மேடம். அஞ்சு மாசம் முன்னாடியே புது வளையம் கேட்டு உங்ககிட்ட கையெழுத்துக்கு வந்தேன். 'அளவு ஓடிட்டிருக்கு, குழாயைத் தொடாதீங்க'ன்னு விரட்டிட்டீங்க."

அவள் முகம் செத்துப்போனது.

ஐந்து மாதம் முன்புதான் ஹோல்மியம் என்ற உலோகமும் அலுமினியமும் சேர்ந்த சேர்மத்தை இதே குழாயில் குளிரவைத்து அதன் காந்தத் தன்மையை அளந்தாள். ஹோல்மியம் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். முப்பது கெல்வின் கடுங்குளிரை ஒட்டி அவையெல்லாம் ஒரே பக்கம் பார்த்து அணிவகுத்துவிடும். இது பழைய சேதி. ஆனால் குளிர்ந்து இறங்கும் வழியில் அதற்கு முன்பே, நாற்பத்து மூன்று கெல்வினில், அவள் வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. அணுக்கள் புதுவிதமாகத் திரும்புகின்றன என்று கட்டுரை எழுதினாள். மேடை, கைதட்டல், பதவி உயர்வு என்று எல்லாம் மளமளவென்று வந்தன.

காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உறைந்தால் அதுவும் காந்தக் குணம் காட்டும். அதே குளிரில், அதே மாதிரி மேடு போடும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது அரிச்சுவடி.

அலறல் கேட்டுத் துறைத்தலைவர் வந்தார். கையில் ஒரு கடிதம். வேறொரு கூடத்தில் மூன்று முறை அளந்தும் அந்த மேட்டைக் காணோமாம். கீறலைப் பார்த்ததும் அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

"ஏங்க ஐஸு, வளையம் மாத்துறது யார் வேலை?"

"என் வேலைதான் சார்."

"அப்போ நாளையிலேருந்து கிடங்குக்குப் போங்க. அங்க ஒழுகறதுக்கு ஒண்ணும் இல்ல." அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஊழியர் கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுதிப் போட்டுடலாம். உன் பேருக்கு ஒண்ணும் ஆகாது."

ஐஸ் அண்ணன் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு கருவியின் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார்... அவர் சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

"சரி விடும்மா. வேலை மும்முரத்துல மறந்திருப்பே. காத்து புகுந்தது உனக்கென்ன தெரியும்?"

தப்பிக்கக் கதவை விரியத் திறந்துவிட்டிருந்தார் மனிதர். அவள் தலை நிமிரவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கே மாதிரியை எடுத்துட்டு வெறும் குழாயை அளந்தேன், அதுலயும் மேடு இருந்துச்சு. அந்த ஃபைலை நான்தான் அழிச்சேன்."