நைட்டியும் ஹேன்ட்பாக்கும்

1

இந்தக் கதை மேல்மாடியிலிருந்து வந்தது. நான் கண்டுபிடித்ததாக யாரும் பாராட்ட வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் தூத்துக்குடிக்காரர் எட்வேட்டின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. 'குடும்பம் இருக்கிறது' என்று எழுதியதுமே முதல் பொய் வந்துவிட்டது. அவர் மனைவி மேபல் சில மாதங்களுக்கு முன்பே வெள்ளவத்தையில் ஓர் அறைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். பூசை முடிந்ததும் எட்வேட்டின் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். அந்த நேரம் மேபல் வீட்டில் இருக்கவேண்டும்.

மேபலின் மாமியான அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்து, "அவள இங்க அனுப்பிரு" என்று சொன்னால் எட்வேட் மறுபேச்சுப் பேசமாட்டார். மேபலின் விசா அவருடைய வேலையில் தொங்குகிறது. மகள் றஷ்மி பள்ளிக்கூடம் இருப்பதால் தகப்பனிடம் இங்கேயே நின்றுவிடுவாள். மேபலுக்கு இருக்கும் பயம் அது ஒன்றுதான்.

2

முதல் தொடக்கம்: 'கடலின் மேல் சாம்பல் நிற மேகங்கள் திரண்டு—'

அன்றைக்கு மேகமே இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'எட்வேட் ஒரு கொடுமைக்காரன்.' மேபல் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அடிச்சாருன்னு நெனச்சிருவாங்கக்கா. அவரு கை நீட்டுனதே இல்ல."

"பிறகு என்னத்துக்குப் போனீங்க?"

"பேச மாட்டாரு. ஒரு வருஷமா. சோறு வச்சா சாப்பிடுவாரு, தட்டக் கழுவி வச்சிருவாரு. போன்ல அம்மா வந்ததும் 'மேபல், அம்மாட்ட பேசு'ம்பாரு. வாரத்துல அந்த ஒரு தடவதான் எம் பேரு அவர் வாயில வரும்."

(இதைக் கதையின் நடுவில் வைத்திருக்க வேண்டும். இங்கேயே வந்துவிட்டது. இருக்கட்டும்.)

3

மேபல் சேலையோடு பஸ்ஸில் வருவாள். ஹேன்ட்பாக்கில் ஒரு நைட்டி, ஒரு துவாய். என் அறையில் மாற்றிக்கொள்வாள். வீட்டிலிருக்கும் பெண் என்றால் நைட்டி, தோளில் துவாய். அதை மாமி நம்புவார். பிறகு இரண்டு பேரும் மேலே போவோம். எட்வேட்டோடு தனியே உட்கார அவளால் முடியாது. அதனால் கமெராவில் விழாத மூலையில் எனக்கொரு கதிரை.*

* எழுத்தாளரின் இடமே அந்த மூலைதான் என்று யாராவது விளக்கம் எழுதக்கூடும். வேண்டாம். அது பிளாஸ்டிக் கதிரை. ஒரு கால் ஆடும்.

கதை நடந்த ஞாயிறு பஸ் பிந்திவிட்டது. மேலே போன் அடித்துக்கொண்டிருந்தது. மேபல் அவசரமாக மாற்றிக்கொண்டு படியில் ஓடினாள். றஷ்மி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேபல், அம்மாட்ட பேசு," என்றார் எட்வேட்.

மேபல் வந்து உட்கார்ந்தாள். நைட்டி சரி. துவாயைக் காணவில்லை. துவாய் இருக்கவேண்டிய தோளில் ஹேன்ட்பாக் தொங்கியது.

"என்னட்டி, பையும் தோளுமா இருக்க?" என்றார் மாமி.

"கடைக்குப் போணும் மாமி. கொத்தமல்லி வாங்கணும்."

"நைட்டியோடவா?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க."

(கொட்டாஞ்சேனைப் பெண்கள் மன்னிக்கவேண்டும். சிலர் போவதும் உண்டு.)

மாமி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு மீன் விலை, மாதா கோயில் திருவிழா, பக்கத்து வீட்டு நாய். வழக்கமாக "சரி, வைக்கேன்" என்று முடிப்பார். அன்றைக்கு, "மேபலு, பஸ்ல கூட்டமா இருக்கும். பாத்துப் போ," என்றார்.

போன் இருண்டது.

"அடுத்த கிழமை ஹெல்மெட்டும் போட்டுட்டு வாங்க மம்மி," என்றாள் றஷ்மி. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

4

கொத்தமல்லிக்கடை எங்கள் ஒழுங்கையின் முனையில், நாலு எட்டில் இருக்கிறது. அங்கே போக பஸ் வேண்டாம். மாமிக்கும் அது தெரியும். போன வருஷம் ஒரு மாதம் இங்கே வந்து நின்றவர்.

முடிவு அ: வயதான வாயில் சும்மா வந்த சொல். மேபலுக்கு இந்த முடிவுதான் வேண்டும்.

முடிவு ஆ: மாமிக்கு எல்லாம் தெரியும். எப்போதிலிருந்து? மகனிடம் ஏன் இன்னும் "அனுப்பிரு" என்று சொல்லவில்லை? வருகிற ஞாயிறு சொல்வாரா? இந்த முடிவில் கேள்விகள்தான் கூடுதல்.

முடிவு இ: 'எட்வேட் படிவரை வந்து, "நான் கொண்டுபோய் விடட்டுமா, மேபல்?" என்று—'

அழித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினார். என்னுடையதையும்.

5

இதுவரை மேபல் வாசித்தாள்.

"அந்தப் பையை மட்டும் எடுத்துருங்கக்கா. மாமி வடை சுத்தி வந்த பேப்பரக்கூட விடாம படிக்கும்."

எடுத்துப் பார்த்தேன். கதையில் ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்ப வைத்தேன். பதிலுக்குப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றியிருக்கலாம். கொத்தமல்லி உண்மையில் கறிவேப்பிலை.

"இவ்வளவு மாத்தினது காணுமா?" என்று கேட்டேன்.

"மாமிக்குக் காணாது," என்றாள் மேபல்.

ஆகவே முடிவை மாமியிடமே விடுகிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

மாமி, இது உங்கள் கையில் கிடைத்தால் மகனைத் தனியே கூப்பிட வேண்டாம். வழக்கம்போல ஞாயிறு பூசை முடிந்து கூப்பிடுங்கள். மேபல் நைட்டியில் இருப்பாள். தோளில் துவாய்தான் இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்வேன். கடைசியில் "வைக்கேன்" என்பீர்களா, "பாத்துப் போ" என்பீர்களா என்று, கால் ஆடுகிற அந்தக் கதிரையில் ஆடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.