முதலில் பெஞ்சு

"மெதுவாங்க, நிலையில இடிக்குது பாருங்க" என்றபடி ரேச்சல் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினாள். அப்பாவின் உடலை ஏற்றிய வண்டி கோத்தகிரியைத் தாண்டிவிட்டதாம். வீட்டில் சவப்பெட்டியை இறக்கி வைக்க இடமில்லை. கூடம் முழுக்கப் பெஞ்சுகள்.

தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா தனசிங், அவள் பள்ளியில் சேர்ந்த புதிதில் அவற்றைச் செய்ய ஆரம்பித்தார். கட்டபெட்டில் அப்போது சபை என்பதே நாலைந்து குடும்பங்கள்தான். ஞாயிறு ஆராதனை இந்தக் கூடத்தில் நடக்கும். கோயிலுக்கு நிலம்கூடக் கிடையாது.

"கோயிலே இல்ல, பெஞ்சு யாருக்குங்க?" என்று அம்மா மெட்டில்டா கேட்பாள்.

"ஆண்டவர்கிட்ட கேட்டாச்சில்ல மெட்டில்டா. அவரு குடுக்கறப்ப உக்கார எடம் வேணுமில்ல?"

அந்தப் பெஞ்சுகளில்தான் ரேச்சல் வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மை போட்டபோது வேப்பிலை வாசனையோடு அதில்தான் படுத்துக் கிடந்தாள். வெயிலே வராத ஆடி மாதங்களில் எல்லோருடைய ஸ்வெட்டரும் அதன் மேல்தான் காய்ந்தன. கூடப் படித்தவர்கள் அவள் வீட்டை பஸ் ஸ்டாண்டு என்றார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று, "ரெண்டையாவது வெளிய போடுங்கப்பா" என்று அழுதாள். அப்பா ஈரத்துணியால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு யாரோ மேட்டில் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்கள். போன வருஷம் சுவர் எழும்பியது. கூரை இன்னும் போடவில்லை.

பாஸ்டர் வந்தார். "வீட்டுல ஜெபம் பண்ணிட்டு, கோத்தகிரி கோயிலுக்குக் கொண்டு போயிரலாம்மா."

முற்றத்து ஈரத்தில் பெஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. ரேச்சல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க பாஸ்டர். நம்ம கோயில்லயே வெச்சுக்கலாங்க."

"கூரையில்லியேம்மா. மானம் இருட்டிட்டு வருது, பாத்தீங்களா?"

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மழ வந்தா வரட்டுங்க. ஒரு தடவயாவது சனங்க அங்க உக்காரட்டும்."

இலை பறிக்கிற பெண்களும் கைகொடுத்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெஞ்சுகள் மேடேறின. மண்தரையில் ஆடிய கால்களுக்கு ரேச்சல் சின்னக் கற்களை அண்டக் கொடுத்தாள். வண்டி வந்ததும் பெட்டியை முன்னால் வைத்தார்கள். முதல் பாட்டு தொடங்கும்போதே தூறல் விழுந்தது. குடைகள் விரிந்தன. வாசல் பக்கமாய் உட்கார்ந்திருந்த ரேச்சல் பெஞ்சின் மரத்தைக் கையால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது.

பாட்டு பாதியில் இருக்கும்போது பரமசிவன் வந்தார். கீழ் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். "கூரை எப்பங்க?" என்று அப்பாவைச் சீண்டாத நாளில்லை, இந்தப் பக்கம் ஏறி வந்ததும் இல்லை. கதவு வைக்காத வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். பிறகு குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, தூறலுக்குள் நடந்து வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.