பக்கத்தின் மிச்சம்

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாக இருந்த யூஜினியாவுக்கு, 1998 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து ஆன்றோவின் மின்னஞ்சல் வந்தது. அதே லேபில் ஜன்னலோர மிஷினில் மூன்று வருடம் அவளோடு வேலை பார்த்துவிட்டுப் போனவன் அவன். ஓய்வு நேரத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக, கோப்புகளைச் சேமித்துப் படிக்கும் பகுதி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான்; அந்த நிரலை மின்னஞ்சலோடு அனுப்பியிருந்தான். "நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்பது தவிர வேறு விசாரிப்பு எதுவும் இல்லை. போன நாளிலிருந்து அவன் எழுதுவதெல்லாம் இப்படித்தான்.

அகலத் தாளில் அச்செடுத்து, சாப்பாட்டு நேரத்தில் வரி வரியாகப் படித்தாள். மிகச் சிறிய கோப்பு என்றால் ஹார்ட் டிஸ்கில் அதற்குத் தனி இடம் ஒதுக்காமல், அதன் விவரக் குறிப்புக்குள்ளேயே வைத்துவிடும் முறை அது. படிக்கும்போது அந்தச் சில எழுத்துகளை நினைவகத்தில் 'பக்கம்' எனப்படும் ஒரு துண்டுக்கு நகலெடுக்க வேண்டும். அதைச் சரியாகவே செய்திருந்தான். ஆனால் பக்கத்தின் மிச்ச இடத்தைத் துடைக்கவில்லை. அங்கே முன்பு என்ன கிடந்ததோ அது வெளியே தெரிந்துவிடும்.

உறுதி செய்துகொள்ள, ஐந்தெழுத்துக் கோப்பு ஒன்றை உருவாக்கி முழுப் பக்கத்தையும் திரையில் எடுத்தாள். ஐந்தெழுத்துக்குப் பின்னால் அவளுடைய வரிகளே வந்தன: 'ஜன்னலோர மிஷின யாருக்கும் குடுக்கல. நீங்க எப்ப வருவீகன்னு...' அதோடு அறுந்திருந்தது. காலையில் இதே மிஷினில் அவனுக்கு எழுதி, அனுப்பாமல் அழித்த கடிதம்.

நினைவகத்தில் வேறு எதையாவது போட்டுச் சோதனையை மறுபடி ஓட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. விசைப்பலகையில் கை வைத்தாள், மனசு வரவில்லை. 'மிச்சப் பக்கத்தைப் பூஜ்யத்தால் நிரப்பவும். ஆதாரம் கீழே' என்று எழுதி, வந்தது வந்தபடி அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆபீஸ் கிளார்க் பாண்டீஸ்வரி வந்து கூப்பிட்டாள். "மேடம், வெளிநாட்டு போனு. வெரசா வாங்க."

"தப்பத் திருத்திட்டேன்" என்றான் ஆன்றோ. பிறகு குரல் இறங்கியது. "அந்த ஆதாரத்துல இருந்தது யாருக்கு எழுதுனது?"

பாண்டீஸ்வரி அங்கேதான் நின்றாள். "ஒங்களுக்குத்தான்" என்றாள் யூஜினியா.

"இன்னும் ரெண்டு வருசம் இங்கயே வேலை பாக்குறதுக்குப் போன வாரந்தான் கையெழுத்துப் போட்டேன், யூஜினியா. முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்டீகளா?"

"கேக்கப் பயமா இருந்துச்சு. கிறிஸ்மஸுக்கு லீவு கெடச்சா வாரேன்."

லீவு கிடைக்கவில்லை. டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி, ஆன்றோ கையால் எழுதிய கடிதம் ஒன்று தபாலில் வந்தது. நான்கு தாள், இரு பக்கமும். கர்னலைப் பற்றி ஒரு சொல் இல்லை. யூஜினியா லேப் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் படித்தாள். முடித்ததும் முதல் தாளை மறுபடி எடுத்தாள்.