மோட்டார் நின்ற பிறகு

இறந்துபோன மணியம்மாளைக் குளிப்பாட்டப் பெண்கள் வாசலில் குடங்களோடு கூடியிருந்தபோது, காந்தா உள்ளறையில் தன் மகளின் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வள்ளிக்கு ஐந்து வயது. வயலிலிருந்து வந்து இரண்டு மணி நேரமாகியும் அவளுக்கு உடை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பாவாடை மட்டுமல்ல, சட்டையும் கழுத்துவரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டை கழன்றதும் காந்தா பார்த்தாள். இடது தோளுக்குக் கீழே சிவப்பாக நான்கு விரல் தடம்.

"இது இன்னாடி?"

"அத்தை."

"அத்தை இன்னா பண்ணிச்சு?"

"இழுத்துச்சு."

"தொட்டியிலேர்ந்தா? தொட்டியில வுழுந்துட்டியா நீ?"

வள்ளி யோசித்தாள். "அடிச்சுச்சு" என்றாள்.

"அடிச்சுச்சா, இழுத்துச்சா? சரியா சொல்லு."

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்தது. எந்தப் பதிலைச் சொன்னால் விடுவாள் என்று தேடுவதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "ரெண்டும்" என்றது.

காந்தா முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து அவளுக்கு மாட்டினாள்.

மணியம்மாள் காந்தாவின் கணவன் ஆதிகேசவனுக்கு அக்கா. பிள்ளை இல்லை என்று ஐயம்பேட்டையில் வாழப்போன வீட்டில் அனுப்பிவிட, தம்பியிடம் வந்து பத்து வருடமாகிறது. அவன் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டிக்கு வேலைக்குப் போய்விடுவான். செவிலிமேட்டுக்கு அப்பால், பாலாற்றை ஒட்டியிருந்த ஒன்றரை ஏக்கரும் மணியம்மாள் பொறுப்பு. குழந்தைகளை அங்கே கொண்டுவருவது அவளுக்குப் பிடிக்காது.

காலையிலும் அதே சண்டைதான்.

"கெணறு இருக்குது, தொட்டி இருக்குது. வேலைய பாக்கறதா, இதுங்கள பாக்கறதா?"

"வூட்ல யார்கிட்ட வுட்டுட்டு வர்றது அண்ணி? நீங்களே சொல்லுங்க."

மணியம்மாள் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

பத்து மணிக்குக் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். காந்தா கைக்குழந்தையைப் புங்க மரத்துத் தூளியில் கிடத்தினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மடை திருப்பக் கடைசிப் பாத்திக்குப் போகும்போது திரும்பி, "அண்ணி, வள்ளிய கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னாள். சொன்னது நிச்சயம். மோட்டார் சத்தத்தில் அது மணியம்மாள் காதில் விழுந்ததா என்பதுதான் தெரியாது. அவள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வேர்க்கடலைப் பாத்திகள் நான்கு நிரம்பின. ஐந்தாவது பாதி நிரம்பும்போது மோட்டார் நின்றது. கரண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். அண்ணி எதையாவது சொல்லித் திட்டப் போகிறாள் என்று, அதற்கான பதிலைக்கூட மனதுக்குள் தயார் செய்துகொண்டு வந்தாள்.

மணியம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் வள்ளி சொட்டச் சொட்ட உட்கார்ந்து, ஆமணக்கு இலையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை தூங்குது, கத்தாதம்மா" என்றாள் வள்ளி.

மணியம்மாளின் புடவை முழங்காலுக்கு மேலே வரைக்கும் நனைந்திருந்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தண்ணீர் பாய்ச்சும் நாளில் அவள் புடவை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

கம்பவுண்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, மாரடைப்பு, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டியிலிருந்து ஓடிவந்த ஆதிகேசவன் அக்காவின் காலடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு காந்தாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நீ எங்க இருந்த?"

"மடையில."

"அக்கா கூப்பிடலயா?"

"மோட்டார் ஓடிக்கினு இருந்துதுங்க. ஒண்ணும் கேக்கல."

"புள்ள கூடத்தான இருந்துச்சு? அது இன்னா சொல்லுது?"

காந்தா வாயைத் திறந்தாள். குழந்தை விழுந்து, அதை எடுக்கப் போய் அண்ணி உயிரை விட்டாளா? கோபத்தில் தண்ணீரை வாரி ஊற்றி அடித்தபோது மாரடைத்ததா? இரண்டில் எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம்.

"தூங்குதுன்னு சொல்லுது" என்றாள்.

ஐயம்பேட்டைக்கு ஆள் போய் வந்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை. வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார் பங்காளி குமாரசாமி. பாடை தயாரானது. பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடும் நேரம் வந்தது.

"புள்ள இல்லாதவளுக்கு யாரு புடிக்கறது? அப்படியே தூக்குங்கப்பா" என்றார் குமாரசாமி.

"வள்ளி புடிப்பா" என்றாள் காந்தா.

எல்லாரும் திரும்பினார்கள். ஆதிகேசவனும் திரும்பிப் பார்த்தான். மணியம்மாளோடு ஒருநாளும் ஒத்துப்போகாதவள் அவள் என்பது தெருவுக்கே தெரியும்.

"தம்பி பொண்ணுமா அது. மொறை இல்ல."

"மொறை இல்லன்னா பரவால்ல மாமா. புடிக்கட்டும்."

நன்றிக்காகச் செய்கிறாளா, பழிக்குப் பயந்து செய்கிறாளா என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. எரியும் பந்தத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வள்ளி பாடையைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் நின்று, "அத்தைக்கு சுடுமேம்மா?" என்று கேட்டாள். அதுவரை அழாத காந்தா, அப்போதும் அழாமல், பந்தத்தை வாங்கிக் குமாரசாமியிடம் கொடுத்தாள்.

மறுநாள் ஆதிகேசவன் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தான். பத்து மணிக்கு வயல் பக்கமிருந்து தங்கள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மீதிக் கடலை வாடிவிடும் என்று பக்கத்து நிலத்துப் பரசுராமன் போட்டுவிட்டிருந்தான். மடை திருப்ப ஆளில்லை. காந்தா எழுந்தாள்.

"பசங்கள வுட்டுட்டு போ, நான் பாத்துக்கறேன்" என்றாள் எதிர்வீட்டுப் பொன்னியம்மாள்.

கைக்குழந்தையைக் கொடுத்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது வள்ளி பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தாள். அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நின்று, விரலைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஐந்தாவது பாத்தி நிரம்பி வரப்பு உடைந்திருந்தது. பரசுராமனின் தரிசு நிலத்தில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு கொக்குகள் அதில் இறங்கி மேய்ந்தன. காந்தா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். உடைப்பை அடைக்கக் குனியவில்லை. பக்கத்தில் வள்ளி, கொக்கு அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தானும் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.