நடந்து போன வீடும் வராத கிணறும்

2006 ஆனி மாதம் பதினான்காம் திகதி மதியம், வவுனியாவில் தவராசாவின் வீடு தொலைபேசி நிலையத்தை நோக்கி நான்கு அடி நகர்ந்தது. அன்று தேங்காய் பதினெட்டு ரூபாய். வீட்டுக்கு அவசரம் இருந்தது. மகள் பிரியந்தினி மாலை வகுப்பில் கணக்கியல் படித்தாள். ஆவணி ஐந்தாம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு இறுதிப் பரீட்சையை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுத வேண்டும். இரண்டு நிமிடம் தொடர்பு அறுந்தால் அந்த வருடம் போயிற்று. தொலைபேசிக் கம்பியில் இணையம் கொடுப்பவர்களோ, நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். பிரியந்தினி சைக்கிள் சில்லில் சிவப்பு நூல் கட்டிச் சுற்றுகளை எண்ணினாள். ஐந்து கிலோமீற்றருக்கு மேல் நூற்றுப்பத்து அடி கூடுதல். தன் கணக்கை நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே நூற்றுப்பத்து.

எல்லோரும் கண்ணயரும் மதியங்களில் வீடு நடந்தது. அலுமாரிக் கோப்பைகள்கூட அசையவில்லை. கிணறு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. "அதுக்கென்ன, கோவமோ?" என்று அவளுடைய தாய் கமலாசனி வாளியோடு நாளுக்கு நாள் கூடத் தூரம் நடந்தாள்.

ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் கேபிள் தொலைக்காட்சி கொடுத்த ஹலீம் இதைக் கேள்விப்பட்டு, தன் கேபிளிலேயே இணையமும் தருவதாக எதிர்ப்பக்கத்திலிருந்து மளமளவென்று கம்பம் நட்டான். "தங்கச்சி, ரெலிபோன் கம்பியிலை வாறது சொட்டுத் தண்ணி. என்ரை கேபிள் வாய்க்கால்!" தொலைபேசிக் கம்பி இழுக்கும் செல்வநாயகம் விடவில்லை. "வாய்க்கால்தான். பின்னேரத்திலை ஒழுங்கை முழுக்க மறிச்சு இறைச்சா உங்களுக்கு என்ன மிஞ்சும்?" இரண்டையும் கேட்ட வீடு குழம்பி, சில மதியம் முன்னே போனது, சில மதியம் பின்னே வந்தது. ஐந்து மணிப் பரீட்சைக்குத் தொலைபேசிக் கம்பியே சரி என்று பிரியந்தினி சத்தமாகச் சொன்ன பிறகுதான் நேராக நடந்தது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்க, இன்னும் முப்பது அடி. பயத்தில் அவள் நாளுக்கு மூன்று தரம் அளந்தாள். வீடு அசையவேயில்லை. அளக்க அளக்கக் கூசி நின்றது.

"நீ அளந்துகொண்டே நிண்டா அது எப்பிடிப் பிள்ளை நடக்கும்?" என்றார் தவராசா.

அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் ஹலீமிடம் கொடுத்தாள். "ஹலீம் நானா, பரீட்சை முடியுமட்டும் வைச்சிருங்கோ. நான் கேட்டாலும் தராதேங்கோ."

"நான் தோக்கிறதுக்கு நானே காவலோ?" ஹலீம் சிரித்தான். ஆனாலும் பூட்டி வைத்தான். அவள் இரண்டு தரம் போய்க் கேட்டாள், அவன் கொடுக்கவில்லை.

ஆவணி நான்காம் திகதி செல்வநாயகம் வந்து கம்பியை மாட்டினான். இணையப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தூரம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை அந்த விளக்கு ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை.

பெறுபேறு புரட்டாதியில் வந்தது. பரீட்சையில் சித்தியடைந்திருந்தாள். ஹலீம் சைக்கிளோடு ஒரு பெட்டி லட்டும் கொண்டுவந்து, தன் கேபிளுக்கும் ஒரு படிவம் நீட்டினான். மறுநாள் மதியம் கிணறு வந்து குசினி வாசலில் நின்றது. "வர இவ்வளவு நாளோ?" என்று கேட்டுவிட்டு, கமலாசனி தேநீருக்குத் தண்ணீர் அள்ளினாள்.