சாக்லேட் புதினாவும் மூக்கக்காவும்

அந்த மூலிகைத் தேநீர் கம்பெனியில் எல்லாரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவி பறக்கும் கோப்பையை ஒரு தடவை முகர்ந்தால் போதும், எந்த இலை எத்தனை நாள் காய்ந்தது என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள். அவள் தலையாட்டினால்தான் எந்தக் கலவையும் பெட்டிக்குள் போகும். அப்பேர்ப்பட்டவளுக்குக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஒரு வாசனையும் தெரியவில்லை. வீட்டில் பால் தீய்ந்து புகை கிளம்பிய பிறகுதான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு மூக்கே போனால் யார் வேலை கொடுப்பார்கள்? பயந்துபோய் இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று காலை மேஜைக்கு வந்தது சாக்லேட் புதினா. சாக்லேட் வாசத்துக்குக் கோகோ தோலும் புதினாவும் சேர்த்து, அவளே மாதக்கணக்கில் கூட்டிக் குறைத்து உருவாக்கிய கலவை. முதலாளியம்மா எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாய் வாயாக ரசித்துக் குடித்தார்.

"ஆகா! சாக்லேட்டையே கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு. கடைசியில அந்தப் புதினா வந்து தொண்டையைத் தடவிக் குடுக்குது பாரு!"

அவளும் ஒரு வாய் குடித்தாள். அவளுக்கு அது வெறும் வெந்நீர்தான். புதினாவின் குளிர்ச்சி மட்டும் நாக்கில் பட்டது, பின்னாலேயே கொஞ்சம் கசப்பு. சாக்லேட் இருக்கவேண்டிய இடம் காலி.

"புதினா ஒரு துளி கூடலாம் மேடம். மத்தபடி பிரமாதம்."

குளிர்ச்சி நாக்குக்கே தெரிந்துவிடும், அதனால் இந்தப் பதிலில் மாட்டிக்கொள்ள வழியில்லை. இத்தனை நாளும் இப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா கோப்பையோடு தன் அறைக்குப் போனார். பெட்டி போடும் மெஷின் ஓடத் தொடங்கியதும் கலவை போடுகிற தம்பி பக்கத்தில் வந்து குசுகுசுத்தான்.

"இப்பதான்க்கா உயிரே வந்துச்சு. கூரை ஒழுகி கோகோ தோல் ரெண்டு மூட்டை நனைஞ்சிருச்சு. சொன்னா என் சீட்டு கிழிஞ்சிரும்னு காயவச்சு ஒண்ணைக் கலவையில போட்டுட்டேன், இன்னொண்ணு கிடங்குல இருக்கு. மத்தவங்களுக்குப் புதினா எல்லாத்தையும் மூடிடும். பூசணம் புடிச்சிருந்தா உங்க மூக்கு விட்டிருக்குமா?"

அவன் பயம் தீர்ந்து சிரித்தான். அந்தப் பயம் அப்படியே இவள் தலையில் இறங்கியது. நாலே எட்டில் முதலாளியம்மா அறைக்குள் போய் நின்றாள்.

"மேடம், மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. அடியில பூசண வாசம் வருது."

சொன்ன பிறகுதான் உறைத்தது, தன் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு அவனை மாட்டிவிட்டோம் என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே! மூக்குன்னா இது மூக்கு" என்று முதலாளியம்மா கோப்பையும் கையுமாக எழுந்தார். "வா, எந்த மூட்டைன்னு காட்டு."

கிடங்கில் கோகோ மூட்டைகள் எட்டு வரிசையாக நின்றன. தம்பி சுவரோரம் முகம் வெளிறி நின்றான். அவள் முதல் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதைத் தாண்டப் போகையில் பின்னால் தம்பி மெல்ல இருமினான். திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே அந்த மூட்டையைக் காட்டினான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும், தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவளுக்கே வழி காட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியல மேடம். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே இல்ல. மூட்டை நனைஞ்சதைத் தம்பிதான் சொன்னான். அவனாவது வாயைத் திறந்தான். நான் அதுகூடச் செய்யல."

கத்துவார் என்று நினைத்தாள். முதலாளியம்மா கத்தவில்லை. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அதில் பாதிக்குமேல் குடித்திருந்தார்.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"போன மாசம்."

"அப்போ இந்த ஒரு மாசமா நீ சரின்னு அனுப்பினதெல்லாம்?"

வேலை போய்விடும் என்று மட்டும்தான் அவள் இத்தனை நாளும் பயந்திருந்தாள். கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பெட்டிகளும், அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும் முகங்களும் அப்போதுதான் அவள் கண்முன் வந்தன.